கீழே இறங்கிப் பார்ப்போம்



கியா பார்மில் இன்று மூடுபனி கலைய மறுக்கிறது. ஜன்னலுக்கு வெளியே சந்தைக் கடைகளுக்குக் கோஸும் சோளமும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவு இருக்கும் பக்கம் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சூடான தே ஓ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

மலையில் இருக்கும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஈப்போவோ தாப்பாவோ கம்பாரோ, எல்லாமே எங்களுக்குக் 'கீழே'தான். "கீழே போய் மருந்து வாங்கிட்டு வந்தேன்", "கீழே ஒரு கல்யாணம்" என்போம். காரில் இறங்குவோம், வேலை முடிந்ததும் ஏறிவிடுவோம். எத்தனையோ வருடமாக நான் கடந்துபோன அந்தக் 'கீழே'யைக் கடந்த மாதம்தான் முதன்முறையாகப் பார்த்தேன். சைக்கிளில் இரண்டு நாள் போய் வந்தேன். கூட வந்தவன் பதினாறு வயதான என் அண்ணன் மகன்.

கேமரன் மலைச் சாலையில் சைக்கிள் ஏற்றுவதற்குத் தனி உடம்பு வேண்டும். 1996இல் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயத்தின் வீரர்கள் இந்த மலைக்கும் ஏறி வந்திருக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய முழங்காலுக்குச் சமவெளிதான் சரி. அதனால் விடியற்காலை ஈப்போவுக்குக் கிளம்பிய காய்கறி லாரியில் இரண்டு சைக்கிளையும் கயிறு போட்டுக் கட்டி, நாங்களும் ஏறிக்கொண்டோம். ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வரும்போது காது அடைத்துத் திறந்தது. சிம்பாங் பூலாயில் பொழுது விடிந்தது. சுண்ணாம்பு மலைகள் செங்குத்தாக நின்றன. போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பையில் திணித்தோம். ஒட்டுக்கடையில் தோசை சாப்பிட்டுப் பசியாறிய பிறகு கோப்பெங் பக்கம் மிதிக்கத் தொடங்கினோம்.

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில், ஆற்றுக்கு அந்தப்புறம் நிற்கிறது கெல்லியின் மாளிகை. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கியது அது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, கட்டடம் பாதியில் நின்றது. வேலைக்கு வந்த தமிழர்கள் விஷக்காய்ச்சலில் அடுத்தடுத்து விழுந்தபோது, மாரியம்மனுக்குக் கோயில் கட்டித் தரும்படி அவரிடம் கேட்டார்கள், அவரும் கட்டித் தந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மாளிகைக்குக் கொஞ்ச தூரத்தில் அந்தக் கோயில் இருக்கிறது. கூரையில் தெய்வங்களோடு துரையின் உருவமும் நிற்கிறது. காரில் வருகிறவர்கள் மாளிகையோடு திரும்பிவிடுகிறார்கள். சைக்கிளில் வந்ததால் கோயில் வாசலிலும் இறங்கி நின்றோம். மாளிகை பாழாகிவிட்டது, கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது.

பத்து காஜா தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் தொடங்குகிறது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக்குட்டைகள் அவை. பச்சை, நீலம், பால் கலந்த தேநீர் என்று குட்டைக்கு ஒரு நிறம். தமிழ்நாட்டில் வீராணம், மதுராந்தகம் ஏரிகளைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். வரப்போகும் பயிருக்காக முன்னோர் கட்டி வைத்த நீர் அது. இங்கே ஈயத்தை அள்ளி எடுத்த பள்ளத்தில் மழை தானாக வந்து தங்கியிருக்கிறது. எப்படி அள்ளினார்கள் என்று பார்க்க, தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் ஒரு பெரிய தோண்டு கப்பலை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1938இல் செய்தது, 1982 வரை ஓடியது, எடை 4,500 டன். தன் குட்டையைத் தானே தோண்டிக்கொண்டு, அதிலேயே மிதந்து முன்னேறிய இயந்திரம். சங்கிலியில் கோத்த இரும்பு வாளி ஒன்றின் பக்கத்தில் அண்ணன் மகன் நின்று பார்த்தான், அவன் இடுப்பு வரை வந்தது.

1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நின்றது. விலை சரிந்து, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போனது, குட்டைகள் மட்டும் தங்கின. இன்று அவற்றில் மீன் வளர்க்கிறார்கள், வாத்து மேய்க்கிறார்கள், தாமரை பயிரிடுகிறார்கள். பத்து காஜாவுக்குப் பக்கத்திலேயே பழைய குட்டைகள் பல சேர்ந்து நாரைகள் கூடு கட்டும் சரணாலயம் ஆகியிருக்கின்றன. மிதிப்பதை நிறுத்தி ஒரு கரையில் ஐந்து நிமிடம் நின்றோம். சாம்பல் நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. நாங்கள் கிளம்பும் வரை அது அசையவில்லை.

மாலிம் நாவார் பக்கம் போகையில் பின் டயர் பஞ்சர். செம்பனைத் தோட்டத்து ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, மண்பாதையின் முனையில் இருந்த வீட்டிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

"எங்கேருந்து வர்றீங்க, தம்பி?"

"கேமரன்மலைங்கய்யா."

"சைக்கிள்லயேவா?"

நான் பதில் சொல்வதற்குள் தொட்டி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டார். டியூபைக் கழற்றி அமுக்கிப் பிடித்து, குமிழி வந்த இடத்தில் விரலை வைத்தார். துடைத்து, தேய்த்து, ஒட்டுப் போட்டார். கை நடுங்கவில்லை. சுவரோரம் சாய்ந்திருந்தது அவருடைய பழைய சைக்கிள். கேரியரின் இரு பக்கமும் அகலமாக இரும்பு வைத்துப் பற்றவைத்திருந்தது. ஒரு காலத்தில் ரப்பர் பால்வாளிகள் தொங்கிய இடம். வாளி உரசி உரசி அந்த இரும்பில் பள்ளமே விழுந்திருந்தது.

இருட்டோடு எழுந்து மரம் வெட்டி, வெயில் ஏறுமுன் பாலெடுத்து, அந்தச் சைக்கிளில் நிறுவைக்குக் கொண்டுபோன கதையைச் சொன்னார். பிறகு கையை நீட்டிக் காட்டினார். "அந்தத் தென்னை நிக்குதுல்ல, அதான் பள்ளிக்கூடம். இந்தப் பக்கம் ரெண்டு வரிசை லயம். எங்க பெரியப்பா சயாமுக்குப் போனது இந்த ரோட்டு வழியாத்தான். திரும்பி வரலை." அவர் காட்டிய திசையில் செம்பனை மரங்களைத் தவிர எங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. உள்ளே ஒரு சின்னக் கோயில் மட்டும் இருந்தது. மணியில் தோட்டத்தின் பெயர் பொறித்திருந்தது, பாதி தேய்ந்துவிட்டது. மீதிப் பாதியைப் பெரியவர் சொன்னார். அண்ணன் மகன் குறிப்பேட்டில் முழுப் பெயரையும் எழுதிக்கொண்டான்.

இரவு தங்கிய கம்பாரில் அவன் என்னிடம் கேட்டான், "சயாம்னா என்ன, சித்தப்பா?"

1941 டிசம்பர் 8இல் மலாயா மீது படையெடுத்த ஜப்பானியப் படையில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில்தான் தெற்கே வந்தார்கள் என்று சொன்னேன். டயர் கிழிந்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டுவார்கள். இரவில் அந்த இரைச்சல் டாங்கி வருவதுபோல் கேட்குமாம். கம்பாரில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கடும் சண்டை நடந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அதன் பிறகு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில்பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏராளமானோர் திரும்பவில்லை. நாம் இன்றைக்கு மிதித்த இந்தச் சமவெளிச் சாலைகள் அதையெல்லாம் பார்த்தவை என்றேன். அவன் வெகுநேரம் பேசவில்லை.

அன்பர்களே, தோட்டங்கள் கைமாறிய கதை நமக்குத் தெரியும். தோட்டத் துண்டாடலைத் தடுக்கத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அது காப்பாற்றியது போக, ரப்பர் போய்ச் செம்பனை வந்ததிலும் நகரம் வளர்ந்ததிலும் எத்தனையோ லயங்கள் மறைந்துவிட்டன. நெடுஞ்சாலையில் நூற்றுப் பத்தில் போகும் காருக்கு அவை இருந்த இடம் தெரியாது. மெல்ல மிதித்துப் போகிறவனைத்தான் திண்ணையிலிருக்கும் ஒருவர் "எங்கேருந்து வர்றீங்க?" என்று நிறுத்திக் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் ஒரு தோட்டமே திரும்பக் கிடைக்கும்.

அதனால் இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு கீழே இறங்குங்கள். விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. விடியும்போது கிளம்பி, பத்து மணி வெயிலுக்குள் பாதி வழியை முடித்துவிடுங்கள். மதிய மழைக்கு ஒதுங்க நேரம் வையுங்கள். லாரி ஓடும் பெரிய சாலையை விட்டுக் கம்பத்துச் சாலைகளைப் பிடியுங்கள். ஒட்டுப்பெட்டியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். ஈயக்குட்டையில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். கரை மணல் சரியும், ஓரத்திலேயே ஆழம்.

போகிற வழியில் ஒரு பெரியவரைச் சந்தித்தால் அவருடைய தோட்டத்தின் பெயரைக் கேளுங்கள். வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று இருக்கும், நம்மவர் கூப்பிட்ட பெயர் வேறாக இருக்கும். இரண்டையும் எழுதி, பள்ளிக்கூடமும் கோயிலும் லயமும் எங்கே இருந்தன என்ற குறிப்போடு எங்களுக்கு அனுப்புங்கள். வரும் இதழ்களில் ஒரு பக்கத்தை அந்தப் பெயர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். மணியில் பாதி தேய்ந்திருந்த பெயர் அந்தப் பக்கத்தின் முதல் வரியில் முழுதாக வரும். இதழ் அச்சானதும் ஒரு பிரதியை அந்தப் பெரியவரிடம் சைக்கிளிலேயே கொண்டுபோய்க் கொடுப்பதாக அண்ணன் மகன் சொல்லியிருக்கிறான்.

அன்புடன்,
ஆசிரியர்
கியா பார்ம், கேமரன் மலை