சிங்கப்பூருக்கும் 4 மணி. மீனம்பாக்கத்துக்கும் 4 மணி!
விமானத்தை கோட்டை விட வைக்கும் தேதிக் குழப்பம்

மஞ்சக்குப்பத்தில் இருந்து சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் சுமார் 180 கிலோ மீட்டர். அங்கிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் வான்வழியில் சுமார் 2,900 கிலோ மீட்டர். தூரத்தில் 16 மடங்கு வித்தியாசம். நேரத்தில்? இரண்டுக்குமே ஏறத்தாழ 4 மணி நேரம்தான்!

ஒரு காலத்தில் "எம்.வி. சிதம்பரம்" கப்பல் சென்னை, நாகப்பட்டினம் வழியாக சிங்கப்பூர் போனது. பயணம் நாள் கணக்கில் ஆகும். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீ பிடித்ததோடு கப்பல் காலம் முடிந்தது.

கணக்கு இதுதான்

ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 850 கிலோ மீட்டர். அதன்படி 2,900 கிலோ மீட்டருக்கு 3 மணி 25 நிமிடம். ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து 4¼ மணி.

ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் தலை சுற்றும். இரவு 11 மணிக்குப் புறப்பட்டு, காலை 5.45-க்கு இறங்கும் என்று இருக்கும். 6¾ மணி நேரமா? இல்லை. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட 2½ மணி முந்தி ஓடுகிறது. திரும்பி வரும்போது இரவு 8-க்கு ஏறி, 9.45-க்கு இறங்குவதாக இருக்கும். அது ராக்கெட் அல்ல, அதே 4¼ மணிதான்!

துபாயும் சென்னையில் இருந்து ஏறக்குறைய அதே 2,900 கிலோ மீட்டர்தான். அங்கே கடிகாரம் 1½ மணி பின்தங்கி இருக்கும்.

பக்கத்திலேயே இருந்தும்...

புதுச்சேரி விமான நிலையம் கடலூருக்கு கூப்பிடு தூரம். 2024 டிசம்பரில் பெங்களூர், ஐதராபாத்துக்கு அங்கிருந்து மீண்டும் விமானம் விட்டார்கள். ஆனால் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். சிறிய ஏ.டி.ஆர். விமானம் இறங்கலாம், வெளிநாட்டுக்குப் போகும் பெரிய ஜெட்டுக்குப் பத்தாது. ஆக, மீனம்பாக்கமே கதி.

வீட்டில் இருந்து 4 மணி, விமான நிலையத்தில் காத்திருப்பு 3 மணி, வானத்தில் 4¼ மணி, அங்கே இறங்கி வெளியே வர 1 மணி. மொத்தம் 12¼ மணி! பறப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

ராத்திரி 12-க்கு மேல் உஷார்!

பெரிய ஆபத்து தேதியில் இருக்கிறது. "15-ந் தேதி 00.30" என்று டிக்கெட்டில் இருந்தால், அது 14-ந் தேதி ராத்திரி தாண்டி வரும் 12.30 மணி. 15-ந் தேதி மாலை மூட்டை கட்டினால் விமானம் போய் ஒரு பகல் ஆகியிருக்கும்.

அந்த விமானத்துக்கு 14-ந் தேதி இரவு 9.30-க்கு மீனம்பாக்கத்தில் நிற்க வேண்டும். அப்படியானால் மஞ்சக்குப்பத்தை விட்டு மாலை 5.30-க்கே கிளம்ப வேண்டும். வழியில் பஸ் பழுது, போக்குவரத்து நெரிசல் எதுவும் வரலாம். புறப்பாட்டுக்கு வெகு முன்பே கவுண்டரை மூடி விடுவார்கள். கடன் வாங்கி விசா எடுத்தவர்கள் மதியம் 3 மணிக்கே பஸ் ஏறுவதுதான் புத்திசாலித்தனம்.