எடுத்துவிட்டால் தீர்ந்துவிடாது

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகம் முழுவதையும் அகற்றிய பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வேலையில்லை என்ற நம்பிக்கை நோயாளிகளிடமும் உறவினர்களிடமும் பரவலாக இருக்கிறது. ‘மார்பையே எடுத்தாயிற்று, இனி எதற்குக் கரண்ட் வைக்க வேண்டும்?’ என்று கேட்டுவிட்டு, கீமோ முடிந்த கையோடு மருத்துவமனைப் பக்கம் வராமல் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அதில் உள்ள கணக்கு தப்பு. எவ்வளவு வெட்டி எடுக்கப்பட்டது என்பதைக் கொண்டு கதிர்வீச்சின் தேவை முடிவாவதில்லை. எடுத்ததைச் சோதித்தபோது நோய் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதே அதை முடிவு செய்கிறது.

இந்த நம்பிக்கையை மக்கள் தாமாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. மருத்துவமே ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் வெளியிட்ட முறைப்படி, மார்பகத்தோடு மார்புத் தசைகளும் அக்குள் நிணநீர் முடிச்சுகளும் ஒட்டுமொத்தமாக அகற்றப்பட்டன. எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு பிழைப்பு என்பது அன்றைய கொள்கை. 1971இல் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் தொடங்கிய ஆய்வு அதைத் தகர்த்தது: வெட்டின் அகலம் கூடியதால் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. மருத்துவர்கள் கைவிட்ட கொள்கை வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மார்பகத் திசுவுக்குத் தெளிவான எல்லை கிடையாது. அது காறை எலும்பை நோக்கியும் அக்குளை நோக்கியும் மெலிந்துகொண்டே போகிறது. காயத்தை மூடுவதற்குத் தோலையும் அதன் அடியிலுள்ள மெல்லிய கொழுப்பையும் விட்டுவைத்தாக வேண்டும். நிணநீர்க் குழாய்கள் அவற்றின் ஊடாகவே ஓடுகின்றன. காறை எலும்புக்கு மேலும் மார்பெலும்பின் ஓரத்திலும் உள்ள முடிச்சுகளை வழக்கமான அறுவை தொடுவதில்லை. ‘விளிம்பில் நோய் இல்லை’ என்று அறிக்கை சொல்வது எடுத்த திசுவின் விளிம்பைப் பற்றி மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத செல்கள் எஞ்சியிருந்தால், நோய் பிறகு தழும்பிலோ மார்புச் சுவரிலோ காறை எலும்பின் மேலோ தலைகாட்டும்.

இதை டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு எண்களால் காட்டியது. நோய் திரும்பும் ஆபத்து அதிகமுள்ள, மாதவிடாய் நிற்காத 1,708 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் மார்பகம் அகற்றப்பட்டு, கீமோவும் தரப்பட்டது. ஒரு பாதிப் பேருக்குக் கூடுதலாகக் கதிர்வீச்சு. 1997இல் வெளியான முடிவின்படி, கதிர்வீச்சு பெறாதவர்களில் 32 விழுக்காட்டினருக்கு மார்புச் சுவரிலோ சுற்றியுள்ள முடிச்சுகளிலோ நோய் திரும்பியது. பெற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்கு மட்டுமே. பத்தாண்டுகள் கழித்து உயிரோடிருந்தோர் முறையே 45, 54 விழுக்காடு. ‘கீமோ உடம்பு முழுக்கப் போகிறது, அதுவே போதும்’ என்ற வாதமும் இங்கேயே விழுந்துவிடுகிறது. இரு தரப்புமே கீமோ பெற்றவர்கள்தாம்.

அந்த ஆய்வில் அக்குள் முடிச்சுகளைப் போதிய அளவு எடுக்கவில்லை, அதனால்தான் கதிர்வீச்சு நன்றாகத் தெரிந்தது என்று அறுவை மருத்துவர்கள் சிலர் மறுத்தார்கள். 22 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளியான பகுப்பாய்வு இதற்குப் பதிலளித்தது. அக்குள் முறையாகச் சுத்தம் செய்யப்பட்டு, ஒன்று முதல் மூன்று முடிச்சுகளில் நோய் இருந்த பெண்களிடையேகூட, இருபதாண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த மரணம் கதிர்வீச்சினால் 50.2 விழுக்காட்டிலிருந்து 42.3 ஆகக் குறைந்தது.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய கருவிகளும் முறைகளும் இதயத்துக்கும் கதிரைப் பாய்ச்சின. கிடைத்த நன்மையை இதய நோய் மரணங்கள் தின்றன. இன்று சிடி ஸ்கேன் எடுத்துத் திட்டமிடுகிறார்கள். இடப்பக்க நோய்க்கு மூச்சை உள்ளிழுத்து நிறுத்தச் சொல்லி இதயத்தை விலக்குகிறார்கள். தோல் கறுப்பதும் உரிவதும், சிலருக்குக் கை வீங்குவதும், அரிதாக நுரையீரல் அழற்சியும் உண்மையான பக்கவிளைவுகள். ஆனால் வெளியிலிருந்து தரப்படும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. நோயாளி குழந்தையைத் தூக்கலாம். மார்புக்குத் தரும் கதிரால் தலைமுடி கொட்டுவதும் இல்லை. அது கீமோவின் வேலை.

மார்பகத்தை எடுத்த எல்லோருக்கும் கதிர்வீச்சு வேண்டும் என்பதும் அதே அளவு தவறு. 2014 பகுப்பாய்விலேயே, முடிச்சுகளில் நோய் இல்லாதவர்களுக்குப் பயன் எதுவும் கிடைக்கவில்லை. நடுத்தர ஆபத்துள்ள 1,607 பேரைக் கொண்ட சுப்ரீமோ ஆய்வின் முடிவு 2025இல் வெளியானது. இன்றைய மருந்துகளைப் பெற்ற அவர்களிடையே, மார்புச் சுவருக்குக் கதிர் தந்ததால் பத்தாண்டு உயிர்வாழ்வு கூடவில்லை. இரு தரப்பிலும் அது ஏறத்தாழ 81 விழுக்காடு.

ஆகவே அறுவைக்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் திசு அறிக்கையைப் பற்றியவை: கட்டி ஐந்து சென்டிமீட்டருக்கு மேலா, எத்தனை முடிச்சுகளில் நோய் இருந்தது, தோலையோ மார்புச் சுவரையோ தொட்டதா, விளிம்பில் எச்சம் உண்டா. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சுகளில் நோய் இருந்தால் கதிர்வீச்சைத் தவிர்க்கக் காரணமில்லை. ஒன்று முதல் மூன்று வரை என்றால் வயது, கட்டியின் தன்மை, பெற்ற மருந்துகள் ஆகியவற்றைச் சேர்த்து எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும். முடிச்சுகளில் நோயில்லாத சிறு கட்டிக்குப் பொதுவாகத் தேவைப்படாது. தேவைப்படுவோர்க்கும் முன்பு ஐந்து வாரம் எடுத்த சிகிச்சை இப்போது பலருக்கு மூன்று வாரத்தில் முடிகிறது.