திரை கறுத்தால் ஃபோமட் பண்ண ஓடாதீர்கள்



விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. எங்கள் பாடசாலையின் பழைய கொம்பியூட்டர்கள் 11ஐத் தாங்காது. அதனால் லினக்ஸ் மின்ட் போட்டோம். போன கிழமை அப்டேட்டுக்குப் பிறகு ஒன்றின் திரை கறுத்துவிட்டது. கேபிளையும் பார்த்தாயிற்று. "சரிவராது சேர், ஃபோமட் பண்ணி விண்டோஸே போடுவோம்" என்றார்கள். பிள்ளைகளின் ஒப்படைகள் முழுக்க அதற்குள்!

நாங்கள் விடவில்லை. கறுத்தது திரை மட்டும்தான், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் எழுத்துத் திரை வந்தது. லொகின் பண்ணி, கட்டளை அடித்து, முதலில் பைல்களைப் பென் டிரைவுக்கு எடுத்தோம். பிறகு ரீஸ்டார்ட் பண்ணி, ஷிஃப்டைப் பிடித்து, குரப் மெனுவில் 'ஈ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10. படம் வந்துவிட்டது! பிழை கிராபிக்ஸ் டிரைவரில். அந்தச் சொல் ஒரு தடவைக்குத்தான் உதவும். டிரைவரை மாற்றிய பிறகே முழுதாகச் சரியானது.

கீபோர்டில் இருந்தது தரம் 10 மாணவி ஒருத்தி. நாங்கள் பக்கத்தில் நின்று வாசித்துக் கொடுத்தோம், அவ்வளவுதான். கண்டியிலிருந்து ஆள் வரட்டும் என்று ஏன் இன்னும் காத்திருக்கிறோம்? தோட்டத்துப் பிள்ளைக்கு டைப் பண்ண மட்டும் பழக்குகிறோம், பழுது பார்க்க விடுவதில்லை. அது எங்கள் பிழை.

இன்னும் இரண்டு மெஷின் 'பழுது' என்று மூலையில் கிடக்கின்றன. வீட்டில் பழைய வீஜீஏ கேபிள் இருந்தால் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.