மூச்சு விடட்டும் கேபினெட்!

திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலுக்கு மனுவோடு வருகிறவர்களுக்கு ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் சென்டரும்தான் முதல் துணை. சாதிச் சான்று, வருமானச் சான்று என எதற்கு விண்ணப்பிக்கவும் அங்கே ஒரு கம்ப்யூட்டர் ஓட வேண்டும். அக்னி நட்சத்திர மதியத்தில், விண்ணப்பம் பாதியில் இருக்கும்போது அது பட்டென்று அணைந்தால்? 'வைரஸா இருக்கும்' என்பார்கள். சூடு தாங்காமலும் இப்படி அணையும்.

எல்லோரும் 'சிபியு' என்று சொல்லும் பெட்டியின் பெயர் கேபினெட். நிஜமான சிபியு, அதற்குள் மதர்போர்டில் இருக்கும் சின்னஞ்சிறு சிப். சூடு ஏறினால் அது முதலில் வேகத்தைக் குறைக்கும். சூடு அதற்கு மேலும் எல்லை மீறினால், கருகாமல் தப்பிக்கத் தானே அணைந்துவிடும்.

அந்தச் சூட்டை வெளியேற்றுவது கேபினெட்டின் முக்கிய வேலை. முன்பக்கம் வெளிக்காற்று உள்ளே வரும். பின்பக்கமும் மேற்பக்கமும் சூடான காற்று வெளியேறும். சமையலறையின் ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் மாதிரிதான்!

1981-ல் வந்த ஐபிஎம் பிசி, மானிட்டரைத் தலையில் சுமந்த படுக்கைப் பெட்டி. பிறகு நிமிர்ந்து நிற்கும் 'டவர்' பரவலானது. 1995-ல் இன்டெல் கொண்டுவந்த 'ஏடிஎக்ஸ்' அளவுமுறை, திருகு எங்கே, சாக்கெட் எங்கே என்று வரையறுத்தது. ஒரு கம்பெனி கேபினெட்டில் வேறு கம்பெனி மதர்போர்டு இன்றும் பொருந்துவது அதனால்தான்.

இவ்வளவு யோசித்துச் செய்த பெட்டியை நம் வீடுகளில் கம்ப்யூட்டர் டேபிளின் அடைப்புக்குள் தள்ளி, மேலே துணியும் போர்த்திவிடுகிறோம். வெளியே தள்ளிய சூட்டையே அது திரும்ப இழுக்கிறது. புது மாடல்கள் பலவற்றில் பவர் சப்ளை அடியில் இருக்கும். அதற்குக் காற்றும் அடியிலிருந்தே வரும். பெட்டிக்குக் கால்கள் வைத்திருப்பது அதற்காகத்தான். மிதியடி மேல் வைத்தால் அந்த வழியும் அடைபடும்.

புதிதாக வாங்குபவர்கள் கலர் லைட்டில் மயங்க வேண்டாம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்றால், காற்று வேறு எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். வெயிலும் தூசியும் அதிகமுள்ள ஊருக்கு வலை முகப்பும், கழற்றிக் கழுவும் ஃபில்டரும் நல்லது. பின்பக்கத்துக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வையுங்கள். காற்று போகும் ஓட்டைகளில் மட்டும் வேண்டாம்!