கள்ளுண்ணச் சொல்லும் கைப்பேசி!



அண்மையில் ஆண்டு 6 மாணவர்களுக்குத் திருக்குறள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 'இன்னா செய்யாமை' அதிகாரத்தைத் தேடி எடுக்கும்படி ஒரு மாணவியிடம் கையடக்கக் கருவியைக் கொடுத்தேன். அதில் ஒரு குறள் செயலி இருந்தது. திரையில் மூன்று படவுருக்கள்: விளக்கு, காசு, இதயம். அவள் விளக்கைத் தொட்டாள். முப்பத்தெட்டு மஞ்சள் கோப்புறைகள் வரிசை பிடித்து நின்றன. ஒவ்வொன்றின் கீழும் பாதியில் அறுபட்ட ஒரு சொல். சற்று நேரம் தேடியவள் தயக்கத்துடன் கேட்டாள்:

"ஐயா, 'இன்னா செய்...' என்று ஒன்று இருக்கிறது. துன்பம் செய் என்றா வள்ளுவர் சொல்கிறார்?"

வகுப்பே சிரித்தது. என்னால் சிரிக்க இயலவில்லை.

அன்பர்களே, தமிழில் மறுப்பு சொல்லின் ஈற்றில் நிற்கிறது. ஆங்கிலத்திலோ மறுப்புச் சொல் பெரும்பாலும் முன்னால் வந்துவிடும். வாலை வெட்டினாலும் தலை தப்பும். தமிழில் வாலை வெட்டினால் உயிரே போய்விடும்! 'கொல்லாமை' வெட்டுண்டால் 'கொல்' ஆகிறது. 'பயனில சொல்லாமை', 'பயனில சொல்' ஆகிறது. 'கள்ளுண்ணாமை' வெட்டுண்டால் 'கள்ளுண்'! தோட்டப்புறக் கள்ளுக்கடைகளில் நம் முன்னோர் தொலைத்த கூலியையும் குடும்பத்தையும் அறிந்தவர்களுக்கு இது வெறும் எழுத்துப் பிழையாகத் தெரியுமா? அந்த அதிகாரத்திற்குச் செயலி தந்திருந்த படம் என்ன தெரியுமா? நுரை ததும்பும் ஒரு குவளை!

இதுதான் படவுருவின் இயலாமை. உள்ள பொருளை வரையலாம். இல்லாமையை எப்படி வரைவது? கொல்லாமைக்குக் கத்தியை வரைந்து குறுக்கே கோடு போடலாம். வெஃகாமைக்கு? நிலையாமைக்கு? ஊழுக்கு? அறத்துப்பாலில் இத்தகைய அதிகாரங்கள் ஒன்றிரண்டு அல்ல. எழுத்து செய்யும் வேலையைப் படத்தின் தலையில் சுமத்தியதால் வந்த கேடு இது.

இன்னொரு குற்றமும் உண்டு. திருக்குறள் படிநிலையாக அடுக்கப்பட்ட நூல். பரிமேலழகர் பகுப்பின்படி பால் 3, இயல் 9, அதிகாரம் 133, குறள் 1330. அறத்துப்பாலில் பாயிரவியல் 4, இல்லறவியல் 20, துறவறவியல் 13, ஊழியல் 1 என அதிகாரங்கள் அமைகின்றன. பிற உரையாசிரியர்களிடம் இயல் பகுப்பு வேறுபடலாம். ஆனால், ஏதேனும் ஒரு பகுப்பையாவது காட்ட வேண்டாமா? இந்தச் செயலி இயலையே விழுங்கிவிட்டது. 'ஈகை' இல்லறத்தானுக்கு உரியது, 'இன்னா செய்யாமை' துறவறவியலில் உள்ளது என்னும் வேறுபாடு மாணவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. கிளையை வெட்டிவிட்டு இலைகளைக் குவித்து வைத்தால் அது மரமாகுமா, குப்பையாகுமா?

"திரை சிறியது, தமிழ்ச் சொல் நீளமானது, பிள்ளைகளுக்குப் படம்தான் பிடிக்கும்" என்பார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன சாக்கு இது. நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-இல் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. அன்றைய கைப்பேசித் திரை எவ்வளவு சிறியது! அதிலேயே தமிழில் குறுஞ்செய்தி எழுத முடிந்தது. இன்று உள்ளங்கை அளவுத் திரை வந்த பிறகு தமிழ்ச் சொல்லுக்கு இடமில்லையாம்!

உண்மையில் இடம் இல்லாமல் இல்லை, அக்கறைதான் இல்லை. கோப்புறைப் படம் எங்கிருந்து வந்தது? 1981-இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினி, அலுவலக மேசையைத் திரையில் வரைந்து காட்டியது. அங்கே கோப்புறைக்குப் பொருள் இருந்தது. பிறர் அலுவலகத்திற்காக வரைந்த படத்தை எடுத்து வள்ளுவர் மீது ஒட்டி வைப்பது எந்த வகை அறிவு?

படவுருவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும் என்கிறேன்.

1) படவுரு ஒன்றை மட்டும் சொல்லட்டும்: உள்ளே இன்னும் கிளை உண்டா, அல்லது இதுவே குறளா? இதற்கு இரண்டு குறிகள் போதும்.

2) அதிகாரப் பெயரை ஒருபோதும் வெட்டக்கூடாது. ஒரு வரியில் அடங்காவிட்டால் அடுத்த வரிக்குப் போகட்டும்.

3) திரையின் மேற்பகுதியில் 'அறத்துப்பால், துறவறவியல், இன்னா செய்யாமை' என வழி முழுவதும் தெரியட்டும். பிள்ளை தான் நிற்கும் இடத்தை அறியும்.

4) எண்ணைக் காட்டுக. அதிகாரத்திற்குப் பத்துக் குறள் என்பதால் 311 முதல் 320 வரை 32-ஆம் அதிகாரம். இந்த ஒழுங்கைவிடச் சிறந்த வழிகாட்டி எந்தப் படம்?

எங்கள் டுரியான் துங்காலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றே இருக்கிறது. 2000-இல் தொடங்கி, 2007 முதல் யூடெம் என வழங்கப்படுகிறது. அங்கும் நாட்டின் பிற பல்கலைக்கழகங்களிலும் கணினி பயிலும் தமிழ் மாணவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். உங்களில் பலர் தமிழ்ப்பள்ளியில் குறள் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவர்கள். ஒரு குறள் செயலியை ஒழுங்காகச் செய்து தர உங்களால் முடியாதா?

செய்து முடித்ததும் அழகு பார்க்க வேண்டாம். ஆண்டு 6 பிள்ளை ஒருத்தியின் கையில் கொடுத்து 'கள்ளுண்ணாமை'யைத் தேடச் சொல்லுங்கள். அவள் திரையில் 'ஆமை' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெளியிடுங்கள். இல்லையேல் மீண்டும் எழுத உட்காருங்கள்!