கிருமி கூறும் சாட்சி யாருக்கு எதிரானது?

பொய்ச் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மடக்கிவிடலாம். உண்மைச் சாட்சியின் வாயில், அது சொல்லாததைத் திணிப்போரை என் செய்வது? எச்.ஐ.வி. கிருமியின் பரம்பரையலகுகளை வாசிக்கும் விஞ்ஞானத்தைச் சூழ்ந்துள்ள ஆபத்து இதுவேயாகும்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒஸ்ரின் என்றொரு சிற்றூர் உண்டு. ஏறத்தாழ 4,200 பேர் வாழும் ஊர். அதனை உள்ளடக்கிய ஸ்கொட் மாவட்டம் முழுவதிலும் 2004 முதல் 2013 வரை எச்.ஐ.வி. தொற்றியோர் ஐவர் மட்டுமே. 2014 நவம்பர் தொடங்கி ஓராண்டுக்குள், அவ்வூரை மையமாகக் கொண்டு 181 பேருக்குத் தொற்றுக் கண்டறியப்பட்டது. நோவாற்றும் மாத்திரையைக் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொண்டோரே அவர்களுட் பெரும்பாலார். 159 பேரின் கிருமிகளை விஞ்ஞானிகள் வாசித்தனர். 157 பேருடையவை நெருங்கிய உறவுடையனவாயிருந்தன.

கிருமி பெருகும்போது தன்னைப் பிரதி செய்வதில் சிறு பிழைகள் விடுகின்றது. பிரிந்து நெடுங்காலமான கிருமிகளிடையே பிழைகள் மலிந்து வேறுபாடு மிகும். இங்கே வேறுபாடு மிகச் சிறிது. எனவே, கிருமி அண்மையிற் புகுந்து, கைமாறிய ஊசிகளால் விரைந்து பரவிற்று என்பது தெளிவு.

ஆனால், யாரிடமிருந்து யாருக்கு? இரு வயல்களில் ஒரே இன நெல் விளைந்திருந்தால், இவன் அவனிடம் வித்து வாங்கினான் என்று எந்தக் கமக்காரனும் சத்தியம் செய்யமாட்டான். இருவரும் மூன்றாமவனிடம் வாங்கியிருக்கலாமன்றோ! இத்தகைய ஆய்வு மட்டும், ஒருவர் மற்றவருக்குத் தொற்றுவித்தார் என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவாது என 2018இல் 20 விஞ்ஞானிகள் கூட்டாக அறிக்கையிட்டனர். குற்றஞ் சாட்டப்பட்டவரை விடுவிக்கவோ, கிருமிகள் உறவற்றவை என்று காட்டி, அது உதவக்கூடும்.

அப்படியாயின் ஒஸ்ரினில் அச்சாட்சி யாரைச் சுட்டிற்று? சட்டத்தையே என்கிறோம். போதைக்காக ஊசி வைத்திருத்தல் அங்கே குற்றம். பழைய ஊசிக்குப் புதியது வழங்கும் நிலையத்துக்கும் அப்போது அனுமதி இருக்கவில்லை. சிறைக்கு அஞ்சியவன் அயலவனின் ஊசியைத் தொட்டான். சட்டம் பயின்ற நாம் இதனை நாணத்தோடுதான் எழுதுகின்றோம். 2015 மார்ச் 26ஆம் நாள் ஆளுநர் மைக் பென்ஸ் அவசரநிலை பிரகடனஞ் செய்த பின்னரே வழி திறந்தது. தொற்றுத் தணிந்ததும், 2021 ஜூனில் மாவட்ட ஆணையாளர்கள், இருவர் ஆதரிக்க ஒருவர் எதிர்க்க, அந்நிலையத்தை மூட வாக்களித்தனர். அணை உடையாதிருக்கும் ஆண்டில் அணையே வேண்டாம் என்பாருமுளர் போலும்!

இவ்வாசிப்புப் பெரும்பாலும், எந்த மருந்து பலிக்கும் என்றறிய வைத்தியரை நம்பி நோயாளி கொடுத்த குருதியிலிருந்தே பிறக்கின்றது. அதனைப் பொலிசாரும் வழக்குத் தொடுநரும் கேட்டுப் பெறாவண்ணம் சட்டத்திலேயே தடை எழுதப்படல் வேண்டும். வைத்தியரின் நல்லெண்ணம் மட்டும் போதாது.