கிரெடிட் கார்டு மோகம் ஏன்?

மும்பையில் பெரிய கடைத்தொகுதிகளின் வாசலில் ஒரு சிறு மேஜை போட்டிருப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். கழுத்துப் பட்டி அணிந்த இளைஞர் ஒருவர், “வருடக் கட்டணம் கிடையாது, சம்பளச் சீட்டு இருந்தால் போதும்” என்று போவோர் வருவோரை அழைப்பார். பத்து ஆண்டுகளுக்கு முன் இவர் குமாஸ்தாக்களையும் தொழிலாளர்களையும் ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார். இன்று அவர்களைத்தான் முதலில் நிறுத்துகிறார்.

இந்தியாவில் பாங்கு ஒன்று முதன்முதலாக கிரெடிட் கார்டு வழங்கியது 1980-ல். வழங்கியது மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது வசதி படைத்தோரின் பையில் இருந்த பொருளே. 2014-ல் நாடு முழுவதும் புழங்கிய கார்டுகள் சுமார் 2 கோடி. 2024 தொடக்கத்தில் இந்த எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. ஒருவரே இரண்டு மூன்று கார்டு வைத்திருப்பதும் உண்டு என்றாலும், பத்து ஆண்டில் ஐந்து மடங்கு என்பது சாதாரண வளர்ச்சி அல்ல. மக்களை இதன் பக்கம் இழுப்பது எது?

முகம் தெரியாத ஊர்

முதற் காரணம் நம்மைப் போல் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்களுக்கு நன்றாகப் புரியும். சொந்த ஊரில் மளிகைக் கடைக்காரர் நம் தகப்பனாரையும் அறிவார். நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி பருப்பு தருவார். திடீர்ச் செலவு என்றால் கைமாற்று கொடுக்கப் பங்காளிகள் இருப்பார்கள். வந்த ஊரில் ஜாமீன் கையெழுத்துப் போடக்கூட ஆள் தேட வேண்டியிருக்கிறது. கார்டுக்கு ஜாமீன் வேண்டாம், அடகு வேண்டாம். இரவு பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்னால் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. கடன் கேட்கும் கூச்சம் இல்லாத கடன் என்பதே இதன் பெரிய கவர்ச்சி.

இரண்டாவது காரணம் விலை. தீபாவளி சமயத்தில் இணைய வியாபார நிறுவனங்கள் குறிப்பிட்ட பாங்கின் கார்டில் வாங்கினால் நூற்றுக்குப் பத்து தள்ளுபடி என்று அறிவிக்கின்றன. ரூ.15,000 பெறுமான சாமானை ரொக்கமாக வாங்குபவருக்கு அதே விலை. கார்டு உள்ளவருக்கு ரூ.13,500. இந்த வித்தியாசத்தைப் பார்த்தபின் கார்டு வாங்காதவரை ஏமாளி என்று அக்கம்பக்கம் சொல்லும்போது, யார்தான் எத்தனை நாள் தாங்குவார்?

மூன்றாவது காரணம் தவணை. குளிர்பதனப் பெட்டியை மாதம் இரண்டாயிரமாகப் பிரித்துக் கட்டலாம் என்றால் விலை சிறியதாகத் தோன்றுகிறது. இதையே ‘வட்டியில்லாத் தவணை’ என்றும் விளம்பரம் செய்கிறார்கள். வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று கிடையாது என்று ரிசர்வ் பாங்கு 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அந்த வட்டி விலையிலோ, சேவைக் கட்டணத்திலோ, கைவிட்ட தள்ளுபடியிலோ ஒளிந்திருக்கும்.

நான்காவதாக, நாளை வீட்டுக் கடன் கேட்கப் போனால் பாங்கு முதலில் பார்ப்பது 300 முதல் 900 வரை போடப்படும் கடன் மதிப்பெண்ணை. கடனே வாங்காதவருக்கு மதிப்பெண்ணும் இல்லை. நேர்மையாகச் சிக்கனமாக வாழ்ந்தவர் கடன் வாங்கிப் பழகினால்தான் நம்பிக்கைக்கு உரியவர் ஆகிறார்! ஆகவே தேவை இல்லாவிட்டாலும் ஒரு கார்டு இருக்கட்டும் என்று பலர் வாங்குகிறார்கள்.

தள்ளுவது யார்?

ஆனால் ஆசை மட்டுமே இந்தச் சந்தையை வளர்த்தது என்று கூறுவது பாதி உண்மையே. பாங்குகளுக்கும் அவசரம் உண்டு. பாங்குக் கணக்கிலிருந்து யூ.பி.ஐ. மூலம் செலுத்தும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அரசு 2020 ஜனவரி முதல் விதித்தது. கிரெடிட் கார்டுக்கு அந்தத் தடை இல்லை. ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரரிடமிருந்து ஒரு பங்கு வருகிறது; பாக்கி வைப்பவரிடமிருந்து வட்டியும் வருகிறது. 2022 செப்டம்பரில் ரூபே கிரெடிட் கார்டை யூ.பி.ஐ.யோடு இணைக்கும் வசதியும் வந்தது. அதன் பின் சிறு கடைகளிலும் கடனில் பொருள் வாங்க வழி பிறந்தது.

கார்டு கையில் இருந்தால் செலவு கூடுமா? அமெரிக்கப் பேராசிரியர்கள் டிராஸன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகிய இருவரும் 2001-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். ரொக்கம் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கார்டில் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள் மிக அதிகமாக, இரு மடங்கு அளவுக்குக்கூட, விலை கேட்டார்கள். நோட்டை எண்ணிக் கொடுக்கும் கைக்கு வலிக்கும். கார்டை நீட்டும் கைக்கு வலிப்பதில்லை.

மூன்றரை வட்டி

வலி பிறகு வருகிறது. பில் தொகை முழுவதையும் கெடு தேதிக்குள் கட்டுபவருக்கு 45 அல்லது 50 நாள் வரை இனாமாகக் கடன். அவருக்குக் கார்டு லாபமே. கட்ட முடியாதவருக்கோ பல பாங்குகளில் மாதம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய்க்குக் குறையாத வட்டி. அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. வேறு. ஊரில் மூன்று வட்டி என்றாலே முகம் சுளிக்கிற நாம், நகரத்தில் வரியோடு நாலு வட்டியைத் தாண்டிய கடனுக்குச் சிரித்தபடி கையெழுத்துப் போடுகிறோம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பாக்கி ரூ.20,000. ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ரூ.1,000 மட்டும் கட்டுகிறோம். வட்டி ரூ.700, வரி ரூ.126. ஆக அசலில் கழிவது ரூ.174 மட்டுமே. இப்படியே ஓராண்டு ரூ.12,000 கட்டினாலும் அசல் ரூ.2,600 அளவுதான் குறையும். போதாததற்கு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும். கார்டில் ரொக்கம் எடுத்தாலும் அப்படியே.

இந்த வட்டிக்கு உச்சவரம்பு உண்டா? ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வியாபார முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. சுப்ரீம் கோர்ட் 2024 டிசம்பர் 20-ல் அதை ரத்து செய்துவிட்டது. வட்டி விவகாரம் ரிசர்வ் பாங்கின் எல்லைக்கு உட்பட்டது என்பது கோர்ட்டின் கருத்து. ரிசர்வ் பாங்கோ உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை. 2023 நவம்பரில் கார்டுக் கடனுக்காகப் பாங்குகள் ஒதுக்க வேண்டிய சொந்த மூலதனத்தை உயர்த்தியது. புதிய கார்டுகளின் வேகம் தணிந்தது. அது பாங்குகளின் பத்திரத்துக்கான ஏற்பாடு. ஏற்கெனவே சிக்கியவரின் வட்டி அதனால் குறையவில்லை.

ஆனாலும் 2022 ஜூலை முதல் அமலில் உள்ள விதிகள் சில நமக்குத் துணை. கேட்காமல் கார்டு அனுப்பிப் பில் போட்டால், அந்தத் தொகையை ரத்து செய்வதுடன் அதைப்போல் இரு மடங்கு பாங்கு அபராதம் தர வேண்டும். பாக்கி இல்லாதவர் கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.500 தர வேண்டும்.

கார்டே வேண்டாம் என்று உபதேசம் செய்வதில் பயனில்லை. அதை நாட வைக்கும் தேவைகள் உண்மையானவை. சம்பளத்துக்கும் செலவுக்கும் இடையே விழுகிற பள்ளத்தைத் தாண்ட அது பலகையாக உதவும். பள்ளத்தை அது நிரப்பாது. மாதக் கடைசியில் முழுப் பில்லையும் கட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் கார்டு உங்களுக்கு வேலை செய்கிறது. முடியாது என்றால் நீங்கள்தான் கார்டுக்கு வேலை செய்கிறீர்கள். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் அந்த வேலைக்குக் கூலியாகப் போகக் கூடாது.